பக்கத்து மூச்சு

கைபேசியில் பதிவு செய்த தாலாட்டை அவள் திரும்பப் போட்டுக் கேட்டபோது, அதில் மூச்சு இல்லை.

இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் அவள் மூச்சு எடுத்திருந்தாள். எடுக்காமல் எப்படி? போன குளிர்காலத்தில் வந்த நெஞ்சுச்சளி, போகும்போது அவள் மூச்சில் பாதியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வருவதற்குள் இப்போதெல்லாம் நாக்குத் தள்ளிவிடுகிறது. சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, கண்ணை மூடிப் பாடி, அந்த இடம் வந்ததும் வாயைத் திறந்து காற்றை இழுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொண்டைக்குள் அது சில்லென்று இறங்கியதுகூட நினைவிருந்தது. ஆனால் பதிவில் இரண்டாம் வரியின் கடைசிச் சுரம் அறுபடாமல் நீண்டு, மெல்லிசாக, அவள் குரலிலேயே, மூன்றாம் வரிக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுபடி போட்டாள். குழாய் சொட்டுகிற சத்தம் பதிவில் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தது இருந்தது. ஃப்ரிட்ஜின் முனகல் இருந்தது. அவளுடைய மூச்சு மட்டும் காணோம்.

இந்தக் காலத்துக் கைபேசி முகத்தில் இருக்கிற பருவையே அழித்துவிடுகிறது, மூச்சை அழிக்கத் தெரியாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அழித்த இடத்தில் பாடவும் அதற்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பதிவை மாஸ்டருக்கு அனுப்பியிருக்க மாட்டாள். அனுப்பாவிட்டால் பாட்டுக்குழுவில் இடம் இருக்காது.

மாஸ்டர் ஆள் கழிக்கிறார். உலகத்துத் தாலாட்டுகள், நாட்டுப்பாடல்கள் என்று பெரிய நிகழ்ச்சி; கிடைத்த மேடையோ சின்னது. ஒவ்வொருவரும் ஒரு பாட்டைத் தனியாகப் பாடி அனுப்ப வேண்டும், மூச்சு தாங்குகிறவர்கள் மட்டும் மேடைக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு இடம் போனால் அது ஒரு வருத்தம், அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். "முதல் கண்ணாடி தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று இருட்டறையில் நாள் முழுக்கக் கேட்கிறாள், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மனிதர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். வீட்டில் கூட இருந்த தம்பி கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் படுத்திருந்த சின்ன அறையில் இப்போது கட்டில்மேல் மடித்துப் போட்ட கம்பளிகளும் இஸ்திரிப் பலகையும் இருக்கின்றன. ஒரு நாள் அவள் வராவிட்டால் கடையில் 'லீவு போல' என்று விட்டுவிடுவார்கள். பாட்டுக்குழுவில்தான், பல் விழுந்த இடம் மாதிரி, அவள் இல்லாதது தெரியும்.

குழுவில் அவளுக்குப் பெயர் தூண். பாட ஆரம்பித்தால் அசையாமல் நிற்பாள். அவள் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று பாடிய தையல்காரிக்குப் பெயர் லொடலொட. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டமாகப் பாடுகிறவர்களிடம் மூச்சுக்கு ஒரு முறை உண்டு. நீண்ட சுரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி எடுக்கும்போது இன்னொருத்தி சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தூணும் லொடலொடவும் திரும்பிப் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. ஒருத்தியின் தோள் கொஞ்சம் ஏறினால் மற்றவளின் குரல் நின்று பிடித்துக்கொள்ளும். அது யோசித்துச் செய்கிற வேலையில்லை. கொட்டாவிக்குக் கொட்டாவி வருகிற மாதிரி, தானாக வருவது.

நிகழ்ச்சியில் வலை இழுக்கிற பாட்டு உண்டு, மந்தை ஓட்டுகிற பாட்டு உண்டு, கம்பளி நெய்கிற பெண்கள் மாப்பிள்ளைகளைக் கேலி செய்கிற பாட்டு உண்டு. ஒன்றின் பாஷையும் புரியாது. வார்த்தைகளை நம் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரிப் பாடுவார்கள். தாலாட்டுகள்தான் அதிகம். ஏழெட்டு பாஷையில் 'தூங்கு' என்று சொல்ல அவளுக்கு இப்போது தெரியும். சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் கிடையாது.

வடக்கே ஏதோ பனித்தீவின் தாலாட்டு ஒன்றை மாஸ்டர் கடைசியாகக் கொண்டுவந்தார். சொல்லிக் கொடுக்கும்போதே ஒரு கதையும் சொன்னார்.

"இதைத் தொட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க உக்காந்துதான் பாடுவாங்களாம். தனியா பாட மாட்டாங்களாம். ஏன்னா நடுவுல பாட்டு அறுந்துடக் கூடாது. அறுந்தா, அந்தச் சந்துல வேற யாராவது உள்ள வந்து படுத்துக்குவாங்களாம்."

"வர்றவங்க வீட்டு வேலை ஏதாவது செய்வாங்களா மாஸ்டர்?" என்றாள் லொடலொட.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூணும் சிரித்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் லொடலொட மகளின் பிரசவத்துக்கென்று போனவள், பேரப்பிள்ளையை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். தூண் அந்தத் தாலாட்டை வீட்டில் தனியாகப் பாடிப் பழகினாள். தினமும் சாயங்காலம். தினமும் அதே இடத்தில் மூச்சுக்கு நிறுத்தி. மாஸ்டர் சொன்ன கதை அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும், அவள் வீட்டில் தொட்டில் ஏது?

பதிவை அனுப்பிய மறுநாள் மாஸ்டரே கூப்பிட்டார்.

"எங்கம்மா மூச்சு எடுத்தீங்க? நானும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுட்டேன், ஒரு இடத்துலயும் தெரியலையே!"

"பழக்கம்தான் மாஸ்டர்."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். கடைசிப் பாட்டா அதை நீங்க தனியாவே பாடிடுங்க. மத்தவங்க சும்மா பின்னாடி நிக்கட்டும்."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். தனியாக ஒரு பாட்டு, இந்த வயதில், பாதி மூச்சோடு! கைபேசியைக் கீழே வைத்த பிறகு சமையலறையில் நின்று வெட்கமில்லாமல் சிரித்தாள். சிரிப்பைப் பார்க்க ஆள் இல்லாததால் கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது.

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள். சீக்கிரமே இருட்டிவிட்டிருந்தது, மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்து வழிந்து தெருவிளக்கின் மஞ்சளைச் சுவரில் நெளியவிட்டது, மாடிப்படியில் யாரோ குடையை உதறுவதும், எங்கோ ஒரு வீட்டில் குக்கர் சத்தம் போடுவதும், சோப்புத் தண்ணீருக்குள் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசுவதும் கேட்டன. இரண்டாம் வரியின் முடிவு வந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே, சாத்தாமல் விட்டிருந்த சின்ன அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, அவள் விட்ட சுரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

தட்டு கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது. அவள் பாடவில்லை. அதுவும் பாடவில்லை.

ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டே போய்ப் பார்த்தாள். கட்டில். இஸ்திரிப் பலகை. பூச்சி உருண்டை வாசனை, அதற்கடியில் ஈரக் கம்பளியின் வாசனை. ஜன்னல் மூடித்தான் இருந்தது. மடித்து வைத்த கம்பளிகளின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, பூனை சுருண்டு படுத்து எழுந்துபோன மாதிரி. இந்தக் கட்டடத்தில் யாரும் பூனை வளர்ப்பதில்லை.

பயந்தாள். உள்ளங்கால் வியர்க்கிற அளவுக்குப் பயந்தாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்: பயத்துக்கடியில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் மூச்சு எடுப்பதை ஒருவர் கவனித்திருக்கிறார். சமையலறைக்குத் திரும்பிப் போய் அந்த வரியை வேண்டுமென்றே மறுபடி பாடினாள். அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

பிடித்துக்கொண்டது. நன்றாகவே பிடித்தது. லொடலொடவுக்குச் சுரம் ஒரு நூல் கீழே இறங்கும், இது இறங்கவில்லை.

அதன்பிறகு அவள் வீட்டுக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தாள். கடையில் "என்னக்கா, வீட்டுல யாராவது வந்திருக்காங்களா?" என்று கேலி செய்தார்கள். அவள் மழுப்பினாள். கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாடத் தொடங்குவாள். மூச்சை இஷ்டத்துக்கு, நினைத்த இடத்தில் எடுப்பாள். அது பிடிக்கும். பிறகு பிடிப்பதோடு நிற்காமல், அவள் பாடும்போது கூடவே அடிக்குரலில் பாட ஆரம்பித்தது. அவள் சின்ன அறைப் பக்கம் போவதில்லை. கதவையும் சாத்துவதில்லை. சாத்தினால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

ஒரு நாள் பாட்டின் கடைசி வரி. அவள் முடித்து வாயை மூட வேண்டிய இடம். அப்போது அறைக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. காற்று உள்ளே இழுபடும் சத்தம். தரைக்குக் கொஞ்சம் மேலே, கட்டிலில் தலை வைக்கிற உயரத்திலிருந்து.

அவள் பிடித்துக்கொண்டாள்.

யோசிக்கவே இல்லை. பக்கத்து ஆள் மூச்சு எடுத்தால் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷமாகச் செய்தது அதுதான். சுரம் அவள் நெஞ்சிலிருந்து தானாக நீண்டது. அது இழுத்து முடிக்கிறவரை நீண்டது. முடிந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறைக்குள் அது திருப்தியாக அடங்கிவிட்டது.

காலையில் துணிவை வரவழைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பள்ளம் பெரிதாகியிருந்தது. இப்போது ஒரு குழந்தை படுக்கலாம்.

அதிலிருந்து தினமும் அது மூச்சு எடுத்தது. நேற்றைவிட இன்று நீளமாக. அவள் விட்டுவிடலாம் என்று நினைப்பாள்; தோள் ஏறுகிற மாதிரி ஒரு சலனம் காற்றில் தெரிந்த உடனே குரல் அவளைக் கேட்காமல் பிடித்துக்கொள்ளும். கடையில் "முதல் கண்ணாடி தெளிவா" என்பதையே இரண்டாக உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். பள்ளத்தில் இப்போது பெரிய ஆளே படுக்கலாம். கம்பளிகள் கட்டிலின் இரண்டு பக்கமும் வழிந்து கிடந்தன.

நிகழ்ச்சிக்கு முந்தின சாயங்காலம் லொடலொட கூப்பிட்டாள்.

"என்னடி தூணு, தனிப் பாட்டாமே! மாஸ்டர் சொன்னாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொல்லலாம்னுதான்... இருந்தேன்."

"சரி, யாருடி அது பக்கத்துல பாடுறது?"

அவள் கையிலிருந்த டம்ளரை மேசைமேல் வைத்தாள். "யாரும் இல்லையே."

"'யாரும் இல்லையே'ன்னு நீ சொல்றப்பவும் அது பாடிட்டுத்தான் இருக்கு. உன் குரல் மாதிரியே இருக்கு." லொடலொடவின் குரல் தாழ்ந்தது. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசித் தூண் கேட்டதே இல்லை. "அடியே. அந்தத் தீவுப் பாட்டைத் தனியாவா பாடிட்டு இருந்தே, இத்தனை நாளும்?"

"அதெல்லாம் சும்மா... கதைடி."

"கதைன்னா உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? இதோ பாரு, நிகழ்ச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாயைத் திறக்காதே. கிளம்பி இங்க வந்துடு. இப்பவே. இங்க மக வீட்ல ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கு."

வந்துடு. யாரும் அவளிடம் இந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிறது! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தனிப் பாட்டு போகட்டும். மேடை போகட்டும். லொடலொடவின் மகள் வீட்டில் மூலைக்கு மூலை பேச்சுச் சத்தமாக இருக்கும், குழந்தை அழும், ராத்திரி யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போடுவார்கள். "வர்றேன்" என்றாள். மூச்சுக்கு நின்று, மறுபடி, "வர்றேன்டி" என்றாள்.

துணிப்பை சின்ன அறையில் அலமாரிமேல் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கவில்லை. கைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டது வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் தெரிந்தது. எடுக்கத் திரும்ப வேண்டாம் என்று தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

அது பாட ஆரம்பித்தது.

முதல் வரியிலிருந்து. அவசரமில்லாமல். அடிக்குரலில் இல்லை, முழுக் குரலில். நெஞ்சுச்சளி வருவதற்கு முன்னால் அவளுக்கு இருந்த குரலில். முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரி. அந்த இடம்.

நின்றது.

சந்து.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மழைகூட இல்லை.

கட்டில் கிறீச்சிட்டது. கனமான ஒன்று எழுந்து உட்காரும்போது கிறீச்சிடுகிற மாதிரி. கம்பளி தரையில் சரிந்தது. பிறகு ஒரு பாதம் தரையில் வைக்கப்பட்டது. ஈரப் பாதம். இன்னொன்று.

தாழ்ப்பாள் அவள் கையில் இருந்தது. இழுத்தால் கதவு திறக்கும். கதவுக்கு வெளியே படிக்கட்டு, மூன்று மாடி. அவளுக்கு அத்தனை மூச்சு இல்லை.

இன்னொரு அடி வைத்தது. சின்ன அறைக் கதவோரம் வந்துவிட்டது.

அவள் பிடித்துக்கொண்டாள்.

சுரம் வாயிலிருந்து வந்ததும் பாதம் நின்றது. கதவின் விளிம்பில் எதுவோ அசையாமல் நின்றது. அவள் திரும்பவில்லை. அசைந்தால் சுரம் ஆடும். ஆடினால் அறுந்துவிடும். அசையாமல் நிற்கத்தான் அவளுக்குத் தெரியுமே.

அது மூச்சு எடுக்கத் தொடங்கியது.

நிதானமாக. உள்ளே. உள்ளே. இதற்குமுன் எடுத்ததெல்லாம் ஒத்திகை மாதிரி இருந்தது. முடித்துவிடும், இப்போது முடித்துவிடும் என்று பிடித்தாள். அது முடிக்கவில்லை. விலா எலும்புகள் உள்ளே ஒட்டின. கண்ணுக்கு முன்னால் தாழ்ப்பாள் இரண்டாகத் தெரிந்தது. முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா.

மேசைமேல் கைபேசி அடித்தது. கடைக்கண்ணில் திரையும் அதில் பெயரும் தெரிந்தன. லொடலொட. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மாஸ்டர். லொடலொட எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். அவள் வாய் சும்மா இருக்காது. நின்றது. மறுபடி அடித்தது. தம்பி. பண்டிகைக்குக்கூடக் கூப்பிடாத தம்பி. ஒருவர் மாற்றி ஒருவர், எல்லோரும், அவளைத்தான். 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வார்த்தைக்குச் சுரத்தை விட வேண்டும்.

நெஞ்சில் காற்று தீர்ந்துபோனது. அவளுக்குத் தெரிந்தது. கடைசிச் சொட்டும் போய்விட்டது.

சுரம் நிற்கவில்லை. அவள் வாயிலிருந்து, ஆடாமல், ஒரு நூல்கூட இறங்காமல், அது போய்க்கொண்டே இருந்தது.

மேசையில் கைபேசி மறுபடி வெளிச்சம் போட்டது. அதற்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் மூடியிருந்தது. திரைச்சீலை நுனி தூக்கி, சின்ன அறையின் பக்கமாக நீண்டு நின்றது. அவள் தலைமுடியும் புடவைத் தலைப்பும் அதே பக்கம் நீண்டிருந்தன. அறை வாசலில் அந்த மூச்சு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.